இரண்டாவது வரிசையில் தேசம்மா அக்கா

“அம்மா, கொஞ்செம் வெனக்கி வெள்ளி கூர்ச்சோண்டி.”

கொஞ்சம் பின்னால் போய் உட்காருங்கள் என்று தெலுங்கில் சொன்னேன். எதிரே இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவர் தேசம்மா அக்கா. நகரிக்குப் பக்கத்தில் எங்கள் காலனியில் எதிர்வீடு. நான் நடக்கப் பழகிய நாளிலிருந்து எங்கள் இரண்டு பேருக்குள்ளும் தமிழைத் தவிர வேறு பேச்சு இருந்ததில்லை.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் சொன்னது அவருக்குக் கேட்டுவிட்டது. சொன்னது நான்தானா என்றுதான் பார்த்தார்.

வடமாலபேட்டையைத் தாண்டி, சென்னை ரோட்டை ஒட்டிய கல்யாண மண்டபம் அது. முந்நூறு நாற்காலிகளுக்கும் வெள்ளைத் துணி போட்டு, முதுகுப்பக்கம் ரிப்பன் முடிந்திருந்தார்கள். மேடையில் தெர்மாகோல் மாட்டுவண்டி, நிஜக் கரும்பு, தரையில் ஒட்டிய ஸ்டிக்கர் கோலம். சங்கராந்திக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. பெயின்ட் வாசனையும் மல்லிப்பூ வாசனையும் ஏசிக் காற்றில் கலந்து, தொண்டை வரைக்கும் வந்து நின்றது.

கொரோனா அடங்கி இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ ஆகியிருக்கும். எனக்குப் புடவை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. மாம்பழ நிறம், அரக்கு பார்டர். அக்கா அந்த நாளுக்காகவே பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டியிருந்தார். மடிப்பு விழுந்த இடங்களில் கோடு தெரிந்தது.

ஆள் சேர்க்கிற வேலை

இந்த வேலையில் நான் சேர்ந்த கதையைப் போன வாரம் எழுதியதும் ஒரு வாசகி கேட்டிருந்தார், டி.வி.யில் கை தட்டுகிறவர்கள் எல்லாம் தாங்களாக வந்து உட்காருகிறவர்கள் இல்லையா என்று. சில இடங்களில் இருக்கலாம். நான் பார்த்தவரையில் ஒருத்தர் சேர்த்து, வேனில் ஏற்றி, இட்லி கொடுத்து, பாத்ரூம் எந்தப் பக்கம் என்று காட்டினால்தான் கூட்டம் வரும். திருப்பதி, சித்தூர் பக்கம் அந்த ஒருத்தர் நான்.

எனக்கு வேலை கொடுத்தவர் ஸ்வாதி மேடம். திருப்பதியில் சின்ன ஆபீஸ். நிகழ்ச்சி எடுக்கிறவர்களுக்கு மண்டபம், சாப்பாடு, கூட்டம் எல்லாம் ஏற்பாடு செய்து தருகிறவர். நல்ல மனுஷி. என் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் கூடவே உட்கார்ந்திருந்தார்.

அவர் சொல்லித்தான் எனக்கு ஏ பேட்ச், பி பேட்ச் தெரியும். ஷூட்டிங்குக்கு மூன்று நாள் முன்னால் வருகிறவர்களின் போட்டோவை வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும். பட்டுப்புடவை, கொஞ்சம் நிறம், பார்த்தால் வசதியான வீடு என்றால் ஏ. மற்றவர்கள் பி. ஏ முன்னால், பி பின்னால்.

ஒருமுறை ஏன் இப்படி என்று கேட்டேன். “வீட்ல பாக்கறவங்களுக்குத் தங்களவிட ஒரு படி மேல இருக்கறவங்களப் பாக்கத்தான் பிடிக்கும் மஞ்சுளா” என்றார் தெலுங்கில். கோபமாகவோ கேலியாகவோ சொல்லவில்லை. சாம்பாருக்கு உப்பு எவ்வளவு என்று சொல்வதுபோலச் சொன்னார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் இங்கே எழுதிவிட வேண்டும். நான் எங்கள் வீட்டிலேயே கொஞ்சம் நிறம். பள்ளிக்கூடமும் காலேஜும் தெலுங்கில் என்பதால் பேச்சில் ஊர் தெரியாது. ஆபீஸில் யாரும் என் ஊரைக் கேட்கவில்லை. புத்தூர் பக்கம் ஏதோ நல்ல குடும்பம் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். நான் இல்லை என்று சொன்னதில்லை.

தேசம்மா அக்காவையும் அவரோடு வந்த ஆறு பேரையும் அந்தப் பட்டியலில் பி என்று போட்டது ஸ்வாதி மேடம் அல்ல. நான்தான்.

ஆன்டெனா பார்த்த திசை

எங்கள் ஊர்ப்பக்கம் கேபிள் வருவதற்கு முன்னால், ஒரு வீட்டுக்குள் என்ன பாஷை பேசுகிறார்கள் என்று வாசலில் நின்றே சொல்லிவிடலாம். கூரைமேல் ஆன்டெனா சென்னைப் பக்கம் திரும்பியிருந்தால் தமிழ். திருப்பதிப் பக்கம் திரும்பியிருந்தால் தெலுங்கு. காற்றடித்துத் திரும்பிவிட்டால் நைனா மேலே ஏறித் திருப்புவார். அம்மா கீழே நின்று, தெரியுது, தெரியல என்று குரல் கொடுப்பார்.

அப்போது காலனியில் ஆன்டெனா இருந்தது இரண்டே வீடுகளில். அதற்கும் முன்னால் படம் பார்க்க ஊருக்குள் போக வேண்டும். அங்கே ஒரு வீட்டில் ஊர்க்காரப் பிள்ளைகள் பாயில் உட்காருவார்கள். நாங்கள் வாசற்படிக்கு வெளியே நின்று பார்ப்போம். யாரும் எங்களைத் திட்டியதாக நினைவில்லை. உள்ளே வா என்று கூப்பிட்டதாகவும் நினைவில்லை.

டிஷ் வந்ததும் அந்தக் கணக்கெல்லாம் போய்விட்டது. எல்லாக் குடைகளும் ஒரே பக்கம் பார்த்தன. காலனியில் வீட்டுக்கு வீடு டி.வி. வந்தது. மத்தியானம் தமிழ் சீரியல், சாயங்காலம் தெலுங்குக் காமெடி.

இப்போது நிலைமை இன்னும் வேடிக்கை. நான் ஏ பேட்சில் கூட்டிவருகிற பெண்களில் பாதிப் பேர் வீட்டில் டி.வி.யே போடுவதில்லை. போனில் கொரிய சீரியல் பார்க்கிறோம் என்பார்கள். இந்த நிகழ்ச்சி எந்தச் சேனலில் வரும் என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. ஒரு வாரம் விடாமல், விளம்பரத்தோடு சேர்த்துப் பார்க்கிறவர்கள் நகரி, சத்யவேடு பக்கத்துக் காலனி வீடுகளில் இருக்கிறார்கள்.

ஷெட்டில் கதை சொல்கிறவர்

அப்படிப் பார்க்கிறவர்களில் முதல் ஆள் தேசம்மா அக்கா.

அவருக்கு நகரியில் பவர்லூம் ஷெட்டில் வேலை. தறிகள் ஓடும்போது காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே வேலை செய்கிற பெண்கள் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். நான்கு தறி தள்ளி நிற்பவள் சத்தமே இல்லாமல் வாயசைத்தால் இங்கே இருப்பவள் சிரிப்பாள்.

முந்தின நாள் காமெடி ஷோவை அக்கா அந்தச் சத்தத்துக்குள் நடித்தே காட்டுவாராம். தொகுத்து வழங்குகிற பெண் தலைமுடியை ஒதுக்குவது, ஜட்ஜ் நாற்காலியில் சாய்ந்து சிரிப்பது எல்லாம். டி.வி. பார்க்க முடியாத நாளில்கூட ஷெட்டில் இருக்கிறவர்களுக்கு ஷோ தவறாது என்று அம்மா சொல்வார்.

நான் இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து அக்கா என்னிடம் ஒன்றுதான் கேட்டுவந்தார். தொகுத்து வழங்குகிற அந்தப் பெண்ணைக் கிட்டத்தில் ஒரு தடவை பார்க்க வேண்டும். பண்டிகை ஸ்பெஷல் வந்ததும், முந்நூறு பேர் வேண்டும் என்றதும், நான் வா என்று சொல்லிவிட்டேன். அக்கா ஒரு நாள் வேலையை விட்டு, ஷெட்டிலிருந்து இரண்டு பேரையும் காலனியிலிருந்து நான்கு பேரையும் சேர்த்துக்கொண்டு வந்தார். வேன் ஏழு மணிக்கே மண்டபத்துக்கு வந்துவிட்டது. முன்வரிசைக்காரர்கள் வந்திருக்கவில்லை. இடம் காலியாக இருந்ததால் நான்தான் அவர்களை இரண்டாவது வரிசையில் உட்காரவைத்தேன். அப்போதைக்கு உட்காரட்டும் என்று நினைத்தேன்.

எழுந்துக்கிறேன், ஆனா

பத்து மணிக்கு மேல் திருப்பதியிலிருந்து கார்களில் ஏ பேட்ச் வந்தது. ஒரே அபார்ட்மென்டில் இருக்கிற இருபது பெண்கள்.

அரங்கத்தைப் பார்த்துக்கொள்கிறவன் கிரண் என்று ஒரு பையன். ஐதராபாத்திலிருந்து வந்தவன். கேமரா பக்கத்தில் நின்று நாற்காலிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னைக் கையசைத்துக் கூப்பிட்டான். நான் அவன் எதிரில் போய் நின்றேன்.

முன்னால் இருக்கிற பேட்ச் எல்லாம் கறுப்பாக இருக்கிறது, ஸ்க்ரீன் டல் அடிக்கிறது, பின்னால் போடுங்கள், கொஞ்சம் கலராக இருக்கிறவர்களை முன்னால் கொண்டுவாருங்கள் என்றான். மெதுவாகத்தான் சொன்னான். அவனுக்கும் அதைச் சத்தமாகச் சொல்லக் கூடாது என்று தெரிந்திருந்தது.

சரி என்றேன்.

இரண்டாவது வரிசைக்கு நடந்துபோக இருபது அடி இருக்கும். அதற்குள் என்ன சொல்வது என்று யோசித்தேன். கிரண் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்வாதி மேடம் கதவுப் பக்கம் நின்றிருந்தார். வாயைத் திறந்தால் தெலுங்கு வந்தது.

அக்கா என்னைப் பார்த்தபடியே கேட்டார். “இன்னா மஞ்சு, எங்கிட்ட தெலுங்குல பேசற?”

நான் குனிந்து, அவர் காதுக்கு மட்டும் கேட்கிறமாதிரி தமிழில் சொன்னேன், கேமராவுக்கு மறைக்கிறது, நீ உயரமாக இருக்கிறாய் இல்லையா என்று. அக்கா உயரமே இல்லை. உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்த பெண்ணின் தோள் வரைதான் வருவார்.

“மறைக்கறது ஒண்ணும் இல்ல” என்றார். “அந்தப் பையன் சொன்னத நான் இங்க இருந்தே பாத்துக்கினுதான் இருந்தேன். அவன் இன்னா சொன்னானோ, நீ இன்னா சொன்னியோ, அத உன் வாயால சொல்லு. நான் எழுந்துக்கிறேன்.”

நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. பக்கத்தில் இருந்த ஆறு பேரும் எங்களைப் பார்த்தார்கள். ஏசி உறுமிக்கொண்டிருந்தது.

அந்தச் சொல் என் வாயில் வரவில்லை.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். அவரோடு ஆறு பேரும் எழுந்தார்கள். பின்வரிசைக்குப் போவார்கள் என்று வழிவிட்டேன். அவர்கள் நேராக வெளிக்கதவைத் திறந்துகொண்டு போய் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

வேனில் ஏழு பேர்

உள்ளே ஷூட்டிங் நன்றாகவே நடந்தது. ஏழு நாற்காலி குறைந்ததால் எதுவும் நின்றுவிடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. இரண்டாவது வரிசைக்கு வந்த ஒரு அம்மாள் மட்டும், இங்கே யாரோ இருந்தார்கள் போலிருக்கிறதே, பூ விழுந்து கிடக்கிறது என்றார். எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவரிடம் எந்தத் தப்பும் இல்லை.

மத்தியானம் சாம்பார் சாதமும் தயிர் சாதமும் பொட்டலமாக வந்தது. ஏழு பொட்டலத்தையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு வேனுக்குப் போனேன். வெயிலில் கண்ணாடி சுட்டது. அக்கா கைநீட்டி வாங்கி, பின்னால் இருந்தவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்தார். கடைசியாகத் தனக்கு ஒன்றைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

“துன்னியா நீ?” என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

“போய்த் துன்னு. உன்ன தேடுவாங்க.”

அவர் திட்டியிருந்தால் எனக்கு இன்னும் லேசாக இருந்திருக்கும்.

சாயங்காலம் நானும் அதே வேனில் நகரி வரை போனேன். போக வேண்டிய வேலை இல்லை. டிரைவர் பாட்டுப் போட்டுவிட்டு அவனாகவே நிறுத்திவிட்டான். காலனி வாசலில் எல்லோரும் இறங்கினார்கள். அக்கா கடைசியாக இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நாளைக்கு ஷெட்ல கேப்பாளுங்க. அந்தப் பொண்ணு கிட்டத்துல எப்டி கீறா, சீலை இன்னா கலருன்னு. நான் இன்னா சொல்றது மஞ்சு?”

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

பண்டிகை அன்று

சங்கராந்தி என்று டி.வி.யில், பொங்கல் என்று எங்கள் வீட்டில். அன்று நான் ஊரில் இருந்தேன். ஷோ பத்து மணிக்கு. அம்மா டி.வி.யைப் போட்டுவிட்டு, எதிர்வீட்டுக்குப் போய் அக்காவைக் கூப்பிட்டார். அம்மாவிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அக்கா வரமாட்டார் என்று நினைத்தேன். வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். என் பக்கம் பார்க்கவில்லை.

பாதி ஷோவில் ஒரு காமெடி நடிகர் கரும்பை வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். உடனே கூட்டத்தைக் காட்டினார்கள். திரை முழுக்க தேசம்மா அக்காவின் முகம். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார். பல்வரிசையும் மூக்குத்தியும் மாம்பழப் புடவையும் தெரிந்தன. இரண்டு விநாடி இருக்கும்.

வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அடுத்த வீட்டிலிருந்து ஓடிவந்து சொன்னார்கள். அம்மா அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நடந்தது எனக்குப் புரிந்தது. காலையில் ஷோ தொடங்குவதற்கு முன்னால், லைட் சரிபார்க்கும்போதே, சும்மா சிரியுங்கள், சும்மா தட்டுங்கள் என்று சொல்லிக் கூட்டத்தைப் படம்பிடித்துக்கொள்வார்கள். அப்போது அக்கா இரண்டாவது வரிசையில் இருந்தார். ஐதராபாத்தில் படத்தை வெட்டி ஒட்டியவருக்கு மண்டபத்தில் நடந்த கதை எதுவும் தெரியாது. இருந்த சிரிப்பில் நல்ல சிரிப்பாக எடுத்துப் போட்டிருக்கிறார்.

அக்கா திரையைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு யாரிடமும் இல்லாமல் சொன்னார்: “இவன் இத சொன்னப்ப நான் வேன்ல கீறேன்.”

அம்மா, இன்னா சொல்ற என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து போனார்.

மறுநாள் காலையில் நான் எதிர்வீட்டுக்குப் போனேன். அக்கா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்தேன். அந்தப் பையன் சொன்னதை, ஒரு சொல் விடாமல், தமிழில் சொன்னேன். கறுப்பு, டல், பின்னால். நான் சரி என்று சொன்னதையும் சொன்னேன். பட்டியலில் பி என்று போட்டதையும் சொன்னேன்.

அக்கா இன்னொரு கொத்துக் கீரையை எடுத்து உருவினார்.

“அவன் சொன்னது எனக்கு அன்னிக்கே தெரியும். டி.வி.ல யார முன்னாடி வைப்பாங்கன்னு இத்தினி வருசமா பாத்துக்கினுதான கீறேன்” என்றார். “நீ இன்னா சொன்னன்னுதான் தெரியல. முதுகு காட்டிக்கினு நின்ன, ஒதடு தெரியல. அதத்தான் கேட்டேன்.”

சித்தூரில்

அதற்குப் பிறகு அக்கா எந்த ஷூட்டிங்குக்கும் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. ஷெட்டில் அவரை டி.வி.யில் பார்த்த பெருமை ஒரு மாதம் ஓடியது என்று அம்மா சொன்னார். கேட்டவர்களிடம் அக்கா நடந்ததை நடந்தபடியே சொல்லிவிட்டாராம், வேனில் உட்கார்ந்திருந்ததையும் சேர்த்து.

கோடை ஆரம்பத்தில் சித்தூரில் ஒரு சமையல் நிகழ்ச்சி. கங்காதர நெல்லூர் பக்கத்திலிருந்து இரண்டு வேன் பெண்களைக் கூட்டிவந்திருந்தேன். கரும்புத் தோட்டத்திலும் நெல் வயலிலும் வேலை செய்கிறவர்கள். அந்த முறை போட்டோ அனுப்பும்போது ஏ, பி என்று எழுதவில்லை. ஸ்வாதி மேடம் கேட்டார். மறந்துவிட்டேன் என்று சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. எழுத மாட்டேன் மேடம், நானும் அந்த பி வீடுதான் என்று தமிழில் சொன்னேன். அவருக்குத் தமிழ் புரியும். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார். என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அரங்கத்தைப் பார்த்துக்கொள்ள அன்றைக்கு வேறு ஆள். அதே பேச்சு. முன்வரிசையை மாற்றுங்கள் என்றான். என்னால் முடியாது, நீங்களே போய்க் காரணத்தைச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள் என்று கையிலிருந்த மைக்கை நீட்டினேன். வாங்கிக்கொண்டான். அந்தப் பெண்களைப் பார்த்தான். அவர்களும் ஏதோ அறிவிப்பு என்று அவனைப் பார்த்தார்கள். மைக்கை ஆன் செய்து, அமைதியாக இருங்கள், இன்னும் ஐந்து நிமிஷத்தில் ஆரம்பிக்கிறோம் என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

பெரிய பண்டிகை ஷோக்கள் அப்புறம் என்னிடம் வரவில்லை. வேறொருத்தர் செய்கிறார். சின்ன நிகழ்ச்சிகள் வருகின்றன. அதில் யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் முதலில் உட்காருகிறார்கள். திரையில் அவர்களைக் காட்டுகிறார்களா என்பது என் கையில் இல்லை. பாதி நாள் காட்டுவதில்லை.

சித்தூரில் அன்று முதல் வரிசையில் இருந்த ஒரு பெண் என் கையைத் தொட்டு, அந்தப் பையன் என்ன கேட்டான் என்றார். உங்களைப் பின்னால் அனுப்பச் சொன்னான், நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன் என்றேன்.

“ஏனாம்?” என்று கேட்டார்.

நான் காரணத்தைச் சொன்னேன். அவர் தன் கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, இரண்டு காலையும் மேலே மடக்கி நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.